மைலேஜ் பார்த்த நாள்

வைரக்கண்ணுவின் காரில் முன் சீட்டு இரண்டு வருஷமாகக் காலியாக ஓடியதே கிடையாது.

பெரம்பலூரில் ஒரு பெரிய ரத்தப் பரிசோதனை லேப் இருக்கிறது. அரியலூர், வி.கைகாட்டி, உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் என்று வழி நெடுக அதற்குச் சின்னச் சின்னக் கிளைகள். அங்கே எடுக்கிற ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வாங்கிக்கொண்டு, கெடுவதற்குள் பெரம்பலூரில் சேர்ப்பதுதான் அவர் வேலை. காலையில் ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை. ஒரு நாளைக்கு இருநூற்று எண்பது கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டிக்கும் அவருக்கும் ஓய்வு.

அவர் மனைவி கமலவேணிக்குத் தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. ஆறு மாதத்தில் பேச்சு திரும்பியது. புத்தி ஒருநாளும் மங்கவில்லை. வலது கையும் காலும்தான் திரும்பவேயில்லை. பிள்ளை இல்லாத வீடு. பகலெல்லாம் அவளை யார் பார்ப்பது? வைரக்கண்ணு ரொம்ப யோசிக்கவில்லை. ஒருநாள் காலையில் அவளைத் தூக்கி முன் சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டைப் போட்டுவிட்டு, சக்கர நாற்காலியை மடித்து டிக்கியில் வைத்துக் கிளம்பிவிட்டார்.

"லாரிக்குத்தான் கிளீனர் கேள்விப்பட்டிருக்கோம், காருக்குமா?" என்று லேப்காரர்கள் முதலில் கேலி பேசினார்கள். அப்புறம் அவள் இல்லாமல் அவர்களுக்கும் ஓடவில்லை. எந்தக் கிளையில் எத்தனை பெட்டி, எத்தனை மணிக்கு வாங்கியது என்று இடது கையால் கோணல் மாணலாக எழுதிவைப்பாள். அரியலூர் கிளையில் இருக்கும் பெண் தினமும் பத்து மணிக்கு பாத்ரூம் சாவியோடு வாசலில் நிற்பாள். கமலவேணியை நாற்காலியில் உட்காரவைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போவாள். மற்ற நேரமெல்லாம் இருவரும் பேசிக்கொண்டே போவார்கள். பருத்தி வெடித்திருப்பது, மக்காச்சோளம் காய்வது, எந்த ஊரில் யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டிருக்கிறது, எல்லாம் அவள் வாயில் வரும். அவர் கேட்டுக்கொண்டு ஓட்டுவார். அவர்களுக்கு வீடு என்பது படுக்கிற இடம். வாழ்ந்ததெல்லாம் அந்தக் காரில்தான்.

அந்தக் காருக்குத்தான் வயதாகிவிட்டது. பதினான்கு வருஷத்து டீசல் வண்டி.

லேப்பில் வண்டிகளைக் கவனித்துக்கொள்கிற பெண் சுவாதி. சின்னப் பெண், நல்ல மாதிரி. அவள் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்தாள்.

"அண்ணா, அஞ்சு வருஷத்துக்கு மேல பழைய வண்டி கூடாதுன்னு மேல சொல்லிட்டாங்க. ஒண்ணாந்தேதிக்குள்ள மாத்திடுங்க. கிலோமீட்டருக்குக் குடுக்குற காசு அதேதான், ஏத்த மாட்டாங்க. பெட்டியும் ரெண்டு கூடுதுண்ணா. மைலேஜ் குடுக்குற வண்டியாப் பாருங்க, இல்லன்னா உங்களுக்குக் கட்டுப்படியாகாது."

"மாத்தலைன்னா?"

"வேற ஆளு பாக்கச் சொல்லுவாங்கண்ணா."

சேதியை முன் சீட்டிலிருந்தே கமலவேணி கேட்டுவிட்டாள். அன்று மத்தியான நடையில் பருத்தியைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

வண்டி பார்க்க ஆரம்பித்தார்கள். துறையூர் ரோட்டில் பழைய கார் விற்கிற இடத்தில் நாலு வருஷத்து டீசல் வண்டி ஒன்று நின்றது. டிக்கி நல்ல விசாலம். வைரக்கண்ணு முதல் காரியமாகத் தன் டிக்கியிலிருந்து நாற்காலியை எடுத்து அதில் வைத்துப் பார்த்தார். சுகமாகப் படுத்துக்கொண்டது. "இதுதான்" என்று அவர் மனசு முடிவுகட்டிவிட்டது. லிட்டருக்குப் பதினேழு கொடுக்கும் என்றான் விற்கிறவன். விற்கிறவன் பதினேழு என்றால் ஓட்டுகிறவனுக்குப் பதினைந்துதான்.

கமலவேணி வண்டியைப் பார்க்கக்கூட இல்லை. "கேஸ் வண்டியப் பாருங்க" என்றாள். "நம்ம மணிமாறன் தம்பி வச்சிருக்கே, அந்த மாதிரி."

மணிமாறன் புது பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகைக் கார் ஓட்டுகிறவன். வாய் கொஞ்சம் நீளம்.

"அக்காதான் கரெக்டாச் சொல்லுது. அண்ணே, கேஸ் கிலோவுக்கு முப்பது ஓடும். உங்க பழசு குடிக்குற டீசலுக்கு ஒரு எருமைய வளத்திருந்தா பாலாவது கறந்திருக்கலாம்."

"டிக்கி பூரா சிலிண்டருல்ல இருக்கு" என்றார் வைரக்கண்ணு.

"டிக்கில என்னண்ணே வக்கப் போறீங்க, நெல்லு மூட்டையா?"

சொன்ன பிறகுதான் அவனுக்கு நாற்காலி ஞாபகம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"மேல கேரியர் போட்டுக் கட்டிக்கலாம்" என்று வைரக்கண்ணு சொல்லிப் பார்த்தார்.

"ஆமா, அந்தத் தோள்பட்டைய வச்சிக்கிட்டு ஒரு நாளைக்கு நாலு தடவை தலைக்கு மேல தூக்குவீங்க" என்றாள் கமலவேணி. "அதுவுமில்லாம மேல எதக் கட்டுனாலும் காத்துல இழுக்கும். முப்பது இருபத்தஞ்சாயிடும். பின் சீட்டு முழுக்கப் பெட்டி. நாற்காலிக்கு இடமில்லங்க. எடமில்லன்னா இல்ல, அவ்வளவுதான். நான் திருமழபாடியில சாந்தா வூட்டுல இருந்துக்குறேன்."

சாந்தா அவள் தங்கச்சி. அந்தக் கொள்ளிடக்கரை ஊரில் கட்டிக் கொடுத்திருந்தது. வந்து இரு, வந்து இரு என்று இரண்டு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள்.

"அதெல்லாம் வேணாம்" என்றார் அவர்.

"ஏன் வேணாங்குறீங்க?"

"பேப்பர்ல முப்பதுன்னு போடுவான். நம்ம ரோட்டுல, நம்ம சுமையோட ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

டிரைவர்கள் மைலேஜ் பார்ப்பது அப்படித்தான். முழுக்க நிரப்புவது, தினமும் போகிற பாதையில் தினமும் ஏற்றுகிற சுமையோடு போய் வருவது, மறுபடி நிரப்புவது. எவ்வளவு பிடிக்கிறதோ அதை வைத்துக் கணக்கு. வேறு யார் பேச்சையும் நம்பமாட்டார்கள். மணிமாறனும் ஒருநாள் வண்டி தருகிறேன் என்றான்.

"இருபத்தஞ்சுக்கு மேல குடுத்தா இதுதான் வாங்கணும். அதுக்குக் கீழ போச்சுன்னா நீங்க சொல்ற டீசலு" என்றாள் கமலவேணி. அவரும் சரி என்றார். சரி என்று சொல்லும்போதே அவர் மனசுக்குள் வேறொரு கணக்கு ஓடியது.

அந்த வியாழக்கிழமை விடியற்காலையில் மணிமாறன் வண்டியைக் கொண்டுவந்து விட்டுப் போனான். இருவருமாகப் போய் கேஸ் நிரப்பிவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். "அவசரத்துல தண்ணி பாட்டில மறந்துட்டேன் பாரு" என்று வைரக்கண்ணு இறங்கினார். பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தவர், வண்டியைச் சுற்றி வந்து டயர்களைப் பார்ப்பதுபோலக் குனிந்தார். பாக்கெட்டிலிருந்த தீக்குச்சியால் ஒவ்வொரு வால்விலும் அழுத்தினார். கமலவேணி எஃப்.எம்மில் பக்திப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நாலு டயரிலும் பாதிக் காற்று போயிற்று.

முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிற மனிதர். காற்றில்லாத டயர் மைலேஜைக் குடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்த டயர் சூட்டில் என்ன செய்யும் என்பதும் தெரியும். ஆனால் அன்று அவர் டிரைவராக யோசிக்கவில்லை. பக்கத்துச் சீட்டு காலியாகிவிடக் கூடாது, அவ்வளவுதான் அவர் யோசனை.

போகும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. நாற்காலியை மடித்துப் பின் சீட்டில் கால் வைக்கிற இடத்தில் நிறுத்தியதில் பெட்டிகள் நெருக்கிக்கொண்டன. ஒரு பெட்டிக்கு இடமே இல்லை. அதைக் கமலவேணி மடியில் வாங்கிக்கொண்டாள்.

"ஜில்லுன்னு இருக்கு. நல்லாத்தான் இருக்கு" என்றாள். சிறிது தூரம் போனதும், "என்னங்க, வண்டி மணல்ல போற மாதிரி இழுக்குது?" என்று கேட்டாள்.

"புது வண்டி. கை பழகணும்ல."

"மேட்டுக்கு மூணாவது கியர்லயே நிக்குறீங்க."

"சும்மா வா புள்ள."

ஜெயங்கொண்டத்தில் பெட்டிகளை வாங்கிக்கொண்டு திரும்பி, உடையார்பாளையமும் தாண்டி, வி.கைகாட்டி நெருங்கும்போது மணி பதினொன்றரை. சித்திரை வெயில் ரோட்டில் பாயாக விரிந்து கிடந்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடி ஓடிப் பெயர்த்துப் போட்ட பள்ளம் ஒன்று. எதிரே லாரி வந்ததால் ஒதுங்க முடியவில்லை. இடது முன் சக்கரம் அதில் விழுந்து எழுந்ததும் வெடித்தது.

வண்டி கோணிக்கொண்டு ஓரத்தில் போய் நின்றது. கமலவேணி மடியிலிருந்த பெட்டியை ஒற்றைக் கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். பெட்டிக்கும் ஒன்றுமில்லை, அவளுக்கும் ஒன்றுமில்லை.

ஜாக்கி போட வேண்டும். அவர் நாற்காலியை எடுத்துப் பிரித்தார். அவளைத் தூக்கி அதில் உட்காரவைத்தார். உட்காரும்போது அவள் பல்லைக் கடித்து "ஸ்ஸ்" என்றாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. வெயிலு."

ஒரு வேப்பமரத்தடிக்குத் தள்ளி நிறுத்திவிட்டு அவர் வேலையில் இறங்கினார். போகிற லாரியெல்லாம் புழுதியை வாரி அவள்மேல் போட்டுவிட்டுப் போனது. தாழ்ந்த நாற்காலி. உட்கார்ந்த இடத்திலிருந்து அவளுக்கு நேராகத் தெரிந்தது டயர்கள்தான். நாற்காலியின் சக்கரத்தை இடது கையால் உருட்டி ஒரு பக்கம் பார்த்தாள். அப்படியே திருப்பிப் பின்னாலும் பார்த்தாள்.

"என்னங்க."

"ம்."

"வெடிச்சது ஒரு டயருதானே?"

"ஆமா."

"மத்த மூணும் ஏன் தொந்தி போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு?"

அவர் நட்டைத் திருகிக்கொண்டிருந்தார்.

"வெயிலுக்கு டயரு உப்பும்ங்க. சப்பையாவாது. ரெண்டு வருஷமா உங்க பக்கத்துலதான் உக்காந்திருக்கேன், எனக்கும் கொஞ்சம் தெரியும்." அவர் பக்கம் திரும்பி, "தண்ணி பாட்டிலு எடுக்கப் போனப்பவா?" என்றாள்.

ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டு அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நீ கேஸ் வண்டிதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்ன."

"எனக்கு இருக்கிறதே ஒத்தக் காலுதானே" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "ரோட்டுல ஏதாவது ஆயிருந்தா?"

"தெரியாமப் பண்ணிட்டேன் வேணி."

"தெரிஞ்சுதான் பண்ணுனீங்க."

அவர் டயரை மாற்றி முடித்தார். அவளைத் திரும்ப ஏற்றுவதற்குக் கதவைத் திறந்தவர், சீட்டில் விரித்திருந்த துண்டைப் பார்த்தார். முதலில் ஐஸ் பெட்டித் தண்ணீர் என்றுதான் நினைத்தார். தொட்டுப் பார்த்தபிறகுதான் மஞ்சளும் சிவப்புமாக நிறம் தெரிந்தது. ஒரு வாடையும் வந்தது.

துண்டைக் கையில் பிடித்தபடி அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"எத்தன நாளா?"

அவள் ரோட்டைப் பார்த்தாள்.

"வேணி. எத்தன நாளா?"

"மாசி மாசத்துலேருந்து. முதல்ல சும்மா செவந்துதான் இருந்துச்சு. உக்காந்தே இருந்தா புண்ணாகும்னு அந்த அரியலூரு பொண்ணு அப்பவே சொல்லுச்சு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கிக்கிட்டேன். அதுதான் தெனம் மருந்து வச்சுவிடுது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? வேலைய வுட்டுட்டு வூட்டுல என் பக்கத்துலயே உக்காந்திருப்பீங்க. அப்புறம் எதச் சாப்புடுறது?" அவள் குரல் இறங்கிற்று. "அதுவுமில்லாம, சொன்னா அன்னைக்கோட இந்த வண்டில வர்றது போயிடும்ல எனக்கு. நானும்தான் ஆசப்பட்டேன். இன்னைக்கு ஒருநாளு, இன்னைக்கு ஒருநாளுன்னே மூணு மாசம் ஓட்டிட்டேன். வண்டி மாத்தணும்னு சுவாதி சொன்னப்பதான் நெனச்சேன். இடமில்லாத வண்டியா வாங்கிட்டா, புண்ணுன்னு ஒரு பேச்சே எடுக்காம நான் எறங்கிக்கலாம்னு."

அவர் ரோட்டோரத்தில் மண்டியிட்டு அவள் செருப்பிலிருந்த புழுதியைக் கையாலேயே தட்டினார். தட்டிக்கொண்டேயிருந்தார். "போதும் எழுந்திருங்க, லாரிக்காரன் பாக்கிறான்" என்று அவள் சொல்லும்வரை தட்டினார்.

அப்போது சுவாதியின் போன் வந்தது. "எங்கண்ணா இருக்கீங்க? ஜெயங்கொண்டத்துல எடுத்ததுல ஒண்ணு, ஆறு மாசக் குழந்தையோடது. பன்னண்டரைக்குள்ள வரலைன்னா அது ஆகாது. மறுபடி குத்தித்தான் எடுக்கணும். நரம்பே கெடைக்காம அழவச்சு எடுத்தாங்களாம்."

பன்னண்டரைக்குப் போய்ச் சேரமுடியாது என்று இருவருக்குமே தெரியும். போனை வைத்துவிட்டு அவர் அவளைத் தூக்கிச் சீட்டில் ஏற்றினார். அவள் அவரைக் குத்திக்காட்டவில்லை. அதற்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். பெரம்பலூர் வரும்வரை அவளை இடுப்போரமாகச் சாய்த்து, தன் தோளில் அவள் தலையை வாங்கிக்கொண்டு மெதுவாகவே ஓட்டினார்.

பெட்டிகளை இறக்கியபிறகு கேஸ் போட நின்றார்கள். பங்க்காரன் சொன்ன கிலோவை அவள் மனசுக்குள்ளேயே வகுத்தாள்.

"இருபத்தி நாலு."

"இருபத்தஞ்சுக்குக் கீழதானே" என்றார் அவர், கேட்கிறோமா சொல்கிறோமா என்று தெரியாத குரலில்.

"காத்தே இல்லாம இருபத்தி நாலு குடுத்திருக்குங்க. நாலு டயரும் சப்ப, மேட்டுல மூணாவது கியரு, அதுக்கே இருபத்தி நாலு. இதையே வாங்குங்க."

டாக்டர் பார்த்தார். புண் எலும்புக்குப் பக்கத்தில் போய்விட்டது என்றார். ஆறுகிறவரை உட்காரவே கூடாது, ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும், இரண்டு மணிக்கொரு தரம் யாராவது புரட்டிவிட வேண்டும். எத்தனை நாளில் ஆறும் என்று கேட்டதற்கு அவர் மாசம் சொல்லவில்லை. "பார்ப்போம்" என்றார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக்கொண்டு இருவரும் வெளியே வந்தார்கள்.

ஒண்ணாந்தேதிக்கு மூன்று நாள் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, மாசத் தவணையில் புது வண்டி வந்தது. வெள்ளை நிறம். சிறுவாச்சூரில் அம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும் என்பதால் அன்றே பூஜை போட்டார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார் பூசாரி. கமலவேணி பின் சீட்டில் தலையணை போட்டு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நாற்காலி முன் சீட்டில் மடங்கிக் கிடந்தது.

"இன்னைக்குப் பெட்டி இல்ல. எனக்கும் அதுக்கும் இடம் இருக்கு பாருங்க" என்றாள்.

புது வண்டியின் முதல் ஓட்டம் சிறுவாச்சூரிலிருந்து திருமழபாடிக்கு. வழியெல்லாம் அவள்தான், படுத்த வாக்கில் ஜன்னல் வழியாக வானமும் மின்கம்பியும் மட்டும் தெரிவதால், "இப்ப எந்த ஊரு, இப்ப எந்த ஊரு" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சாந்தா வீட்டு ஜன்னலோரக் கட்டிலில் அவளை இறக்கிப் படுக்கவைத்துவிட்டு, அவர் நின்றார். போகவும் மனசில்லை, உட்காரவும் தோன்றவில்லை.

"கெளம்புங்க. நாளைக்கு லேப்புல வண்டியக் காட்டணும்ல" என்றாள். "ஞாயித்துக்கிழமை வாங்க."

திங்கட்கிழமை முதல் நடை. லேப்பில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெட்டியில் ஒன்றுக்குப் பின்னால் இடம் போதவில்லை. வைரக்கண்ணு அதை முன் சீட்டில் வைத்தார். வண்டியைக் கிளப்பியதும் கிணுகிணுவென்று ஒரு சத்தம். நிறுத்திப் பார்த்தார், கதவெல்லாம் சரியாகத்தான் சாத்தியிருந்தது. மறுபடி கிளப்பினார், மறுபடி கிணுகிணு. வாசலில் நின்ற சுவாதிதான் எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"முன் சீட்டுல கனம் இருக்குல்லண்ணா. ஆளு உக்காந்திருக்குன்னு நெனச்சுக்கிது. பெல்ட்டு போடச் சொல்லுது."

அவர் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெல்ட்டை இழுத்து அதன் குறுக்கே போட்டு மாட்டினார். சத்தம் நின்றது.

அரியலூரில் அந்தப் பெண் பத்து மணிக்கு வாசலுக்கு வந்துவிட்டாள். கையில் சாவி இருந்தது. காருக்குள் பார்த்தவள் சாவியை முந்தானையில் மறைத்துக்கொண்டாள். "அக்கா எப்படிண்ணா இருக்காங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பெட்டி எடுக்க உள்ளே போய்விட்டாள்.

மத்தியான நடையில், அரியலூருக்கு முன்னால் பேரளி ஊரைத் தாண்டியதும் கமலவேணியிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டு முன்னால் செருகினார்.

"எங்க போறீங்க?"

"பேரளி தாண்டிட்டேன்."

"மைலேஜ் பாத்தீங்களா?"

"முப்பத்தொண்ணு காட்டுது."

"பாத்தீங்களா, சொன்னேன்ல" என்றாள். யாரும் போனை வைக்கவில்லை.

"பருத்தி எடுக்கிறாங்களா?" என்று அவள் கேட்டாள்.

"இப்ப ஏது பருத்தி. காஞ்ச செடி மாறெல்லாம் புடுங்கிப் போட்டிருக்காங்க. ஒரு ஆட்டுக் கெடை நிக்குது. நூறு ஆடு இருக்கும்."

"அப்புறம்?"

இரண்டு வருஷமாக அவள் சொல்லி அவர் கேட்டது. இப்போது அவர் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்கு அவளைப்போலச் சொல்ல வராது. இருந்தாலும் கண்ணில் பட்டதையெல்லாம் சொன்னார். அரியலூர் ரயில்வே கேட் மூடியிருக்கிறது. கேட்டில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறார்கள். கேட் திறந்துவிட்டது. ஒரு வீட்டு வாசலில் பந்தல் போட்டிருக்கிறது, கல்யாணமா காதுகுத்தா தெரியவில்லை. வி.கைகாட்டி வந்தது. அந்த வேப்பமரத்தை மட்டும் அவர் சொல்லவில்லை.

"இப்ப எந்த ஊரு?" என்று கேட்பாள் என்று பார்த்தார். கேட்கவில்லை.

"வேணி?"

சாந்தாவின் குரல்தான் மெல்லமாக வந்தது. "தூங்கிட்டா மாமா. ராத்திரியெல்லாம் வலியில தூக்கமே இல்ல. நீங்க பேசப் பேச இப்பத்தான் கண்ணு அசந்தா. போன வச்சுடட்டுமா?"

"வேணாம் சாந்தா. அவ தலமாட்டுலயே இருக்கட்டும்."

உடையார்பாளையம் போகும் வழியில் முன்னால் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. முந்திப் போக ரோட்டில் இடம் இருந்தது. ஹாரன் அடித்தால் அவன் ஒதுங்கிவிடுவான். வைரக்கண்ணு ஹாரன் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. ஜன்னல் கண்ணாடியை முழுக்க ஏற்றிக்கொண்டு, லாரியின் பின்னாலேயே, அதன் வேகத்திலேயே போனார்.